பினாங்கில் கப்பல் புத்தகச் சோதனை: 10116-ல் மாட்டி மீண்ட கதை

துறைமுகச் சோதனைத் தாளில் 10116 என்று விழுந்தால் கடல்வழிப் புத்தகங்களில் குறை என்று பொருள். பக்கத்தில் 17 என்று இருந்தால், புறப்படும் முன் சரிசெய்தாக வேண்டும். பட்டர்வொர்த்தில் எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே விழுந்தன. அதுவும் தைப்பூச வாரத்தில். ரதம் புறப்படும் நாளில் ஜார்ஜ்டவுனுக்குள் ஒரு பார்சலைக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எக்டிஸ் (மின்வரைபடத் திரை), சார்ட் (கடல் வரைபட) உரிமங்கள், ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பட்டியல்கள் எல்லாம் கேள்வியில்லாமல் போயின. (கப்பல் நிலையப் பட்டியல் ஆண்டுக்கு ஒருமுறை மாறும், கரை நிலையப் பட்டியல் ஈராண்டுக்கு ஒருமுறை. இதை மறந்து மாட்டுகிறவர்களும் உண்டு.)

முதல் அடி, சர்வதேச சமிக்ஞைக் குறியீட்டுப் புத்தகமும் தேடல்-மீட்புக் கையேடான ஐயம்சாரின் 3-ஆம் தொகுதியும். கடல் பாதுகாப்பு ஒப்பந்தமான சோலாஸின் 5-ஆம் அத்தியாயம், 21-ஆம் விதி இரண்டையும் கேட்கிறது. "இப்ப எல்லாமே டிஜிட்டல்தான் பாஸ்" என்று சப்ளையர் சொல்லி, இரண்டையும் பிரிட்ஜ் கணினியில் ஏற்றிக் கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் திரையைப் பார்க்கவே இல்லை, புத்தகத்தைக் கேட்டார். அவர் பக்கம்தான் நியாயம். மற்ற புத்தகங்கள் மின்வடிவில் இருக்கலாம், அவசரத்தில் தேவைப்படும் இந்த இரண்டும் அச்சில் இருக்க வேண்டும் என்று 2006-லேயே ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) சுற்றறிக்கை சொல்லிவிட்டது. கரண்டு போன கப்பலில் யார் கணினியைத் திறப்பது? சமிக்ஞைப் புத்தகத்துக்கு 2005 பதிப்பு. ஐயம்சார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், ஆகவே அட்டையில் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது அடி எதிர்பாராதது. பைலட் புத்தகம் (கடல்வழிகாட்டி), விளக்குப் பட்டியல், ரேடியோ சிக்னல் பட்டியல் எல்லாம் மின்வடிவில் ஒழுங்காக, அந்த வாரம்வரை திருத்தத்தோடு இருந்தன. ஆனால் பாதுகாப்புச் சான்றிதழோடு வரும் கருவிப் பட்டியலான ஃபார்ம் ஈ-யில், கடல்வழிப் புத்தகங்களுக்கான வரியில் மின்வடிவம் என்ற பேச்சே இல்லை. அதற்கு அடுத்த வரி, மின்வடிவப் புத்தகங்களுக்கு மாற்று ஏற்பாடு, வெறுமையாகக் கிடந்தது. டிஜிட்டலுக்கு மாற்றியவர்கள் ஃபார்மை மாற்றவில்லை. அதைத் திருத்தக் கொடியரசின் (கப்பல் பதிவான நாட்டின்) அலுவலகத்துக்கு எழுதினால், விடுமுறை முடிந்து பார்க்கலாம் என்று பதில். அதுவரை அச்சுப் புத்தகம் வாங்குவதுதான் வழி.

அங்கேதான் சோலாஸின் அதே அத்தியாயத்து 27-ஆம் விதி கைகொடுத்தது. 'மேற்கொள்ளும் பயணத்துக்குத் தேவையான' புத்தகங்கள் என்றுதான் அது சொல்கிறது. அடுத்த துறைமுகம் கிள்ளான். உலகத்துக்கே செட் வாங்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அட்மிரால்டி வெளியீட்டு எண்படி (என்.பி.) மலாக்கா நீரிணை பைலட் என்.பி. 44, விளக்குப் பட்டியல் எஃப் தொகுதி என்.பி. 79, ரேடியோவில் என்.பி. 285, என்.பி. 286-இன் 4-ஆம் பகுதி. அலையேற்ற அட்டவணைக்குப் பூலாவ் இண்டாவில் இருக்கும் தேசிய நீரியல் மையம் வெளியிடும் மலேசிய அட்டவணையே போதும். பிரிட்டிஷ் வெளியீடுதான் வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. இதை இன்ஸ்பெக்டரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கிவிட்டோம். பேசாமல் ஆர்டர் போட்டிருந்தால் பணம் எங்கேயோ போயிருக்கும்.

கப்பல் அதற்குள் நங்கூரத்துக்குப் போயாயிற்று. ஒவ்வொரு பார்சலுக்கும் லாஞ்சு வாடகை. வந்த முதல் பெட்டியில் என்.பி. 44 பழைய பதிப்பு! ஸ்டாக்கில் இருந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நடப்புப் பதிப்புகளின் பட்டியல் காலாண்டுக்கு ஒருமுறை, மாலுமிகளுக்கான அட்மிரால்டி திருத்த அறிவிப்பான வாராந்திர நோட்டீஸிலேயே வருகிறது. கரையிலேயே பெட்டியைப் பிரித்து அதோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏஜண்டு தம்பி அடுத்த பெட்டியை அப்படித்தான் பார்த்து ஏற்றினார்.

புதுப் புத்தகம் வந்தாலும் வேலை முடியாது. அது திருத்தம் ஏறாமல்தான் வரும். எந்த வாரத்து நோட்டீஸிலிருந்து திருத்தம் தொடங்குகிறது என்பதை என்.பி. 79-இன் முன்பக்கத்தில் பார்த்து, அன்றிலிருந்து வந்த 5-ஆம் பிரிவுகள் எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட வேண்டும். ரேடியோவுக்கு 6-ஆம் பிரிவு. தண்ணிப் பசை வேண்டாம், தாள் சுருங்கி எழுத்து மறையும். குச்சிப் பசையை ஒரு ஓரத்தில் மட்டும் தடவினால் அடியில் இருப்பதையும் புரட்டிப் பார்க்கலாம். 4-ஆம் பிரிவை மட்டும் பைலட் புத்தகத்துக்குள் ஒட்டக் கூடாது, தனிக் கோப்பில், புதியது மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் அதையும் ஒட்டிவிடும் செகண்ட் மேட்கள் இருக்கிறார்கள். ஒட்டி முடித்ததும் பதிவுப் பக்கத்தில் வார எண்ணும் கையெழுத்தும். இது விட்டுப்போனால் ஒட்டியதற்குச் சாட்சியே இல்லை.

மறுசோதனையில் இன்ஸ்பெக்டர் நேராக பினாங்கின் முக்கா ஹெட் கலங்கரை விளக்கின் பதிவைத் திறக்கச் சொன்னார். பிறகு கடைசி நோட்டீஸிலிருந்து அவரே ஒரு திருத்தத்தைப் பொறுக்கி, அது எங்கே என்றார். இருந்தது. 17 அடிபட்டு 10, அதாவது 'சரிசெய்யப்பட்டது', ஆயிற்று.

ஃபார்ம் ஈ வேலை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. லாஞ்சு வாடகை மட்டும் திரும்பக் கிடைத்தது. எங்கள் ஆர்டரில் 'நடப்புப் பதிப்பு' என்று எழுதியிருந்ததும், டெலிவரி தாளில் வந்த பதிப்பின் ஆண்டை ஏஜண்டு குறித்து வைத்ததும்தான் காரணம். புத்தக எண் மட்டும் போட்ட தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் சப்ளையர் கையை விரித்திருப்பார்.