ஸ்ட்ரிப் ஊதாவாகிறது, எடை மட்டும் இறங்கவில்லை

மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையைப் பேலியோ, லோ-கார்ப், கீட்டோ என்று எந்தப் பெயரில் தொடங்கினாலும் முதல் பத்து நாள் எடை விஷயத்தில் பெரும்பாலோருக்கு நன்றாகத்தான் போகும். சாதம், இட்லி, சர்க்கரையை நிறுத்தியதும் எடை மளமளவென்று இரண்டு மூன்று கிலோ இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருந்த சர்க்கரையான கிளைக்கோஜன் கரையும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் கூடவே போய்விடும். எடை நிற்கும் சிக்கல் அதற்குப் பிறகுதான். எனக்கு ஆறு வாரம் வீணாய்ப் போனது ஒரு சின்னப் பட்டையை நம்பியதால். இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மெடிக்கல் கடையில் கிடைக்கும் கீட்டோன் ஸ்ட்ரிப்பைச் சொல்கிறேன். மாவுச்சத்து குறையும்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்யும் எரிபொருள்தான் கீட்டோன். டப்பாவில் 50 இருக்கும். சிறுநீரில் நனைத்து, 15 விநாடி கழித்து, டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் நிற வரிசையோடு ஒப்பிட வேண்டும். வெளிர் பழுப்பாகவே இருந்தால் கீட்டோன் இல்லை, இளஞ்சிவப்பு என்றால் கொஞ்சம், கருஊதா என்றால் அதிகம். முதல் மூன்று வாரம் கருஊதா. நான்காவது வாரம் இளஞ்சிவப்பு. கீட்டோசிஸ், அதாவது உடம்பு கீட்டோனில் ஓடும் நிலை, போய்விட்டது என்று பயந்து, கொழுப்பைக் கூட்டினேன். காலையும் மாலையும் பட்டர் டீ, ஒவ்வொன்றிலும் 30 கிராம் வெண்ணெய். நிறம் திரும்பியது, எடை அப்படியே நின்றது.

நடந்தது இதுதான். அந்தப் பட்டை அளப்பது சிறுநீரில் வீணாகும் அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனை. இரத்தத்தில் எரிபொருளாக ஓடும் முக்கியமான கீட்டோன் வேறு, பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட். ஆரம்பத்தில் கீட்டோனைப் பயன்படுத்தத் தெரியாமல் உடம்பு அதைச் சிறுநீரில் கொட்டுகிறது. சில வாரங்களில் வீணாவது குறைகிறது, நிறமும் வெளுக்கிறது. அதாவது நிறம் மங்கியது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். தண்ணீர் குறைவாகக் குடித்தாலே நிறம் கூடும், நிறையக் குடித்தால் வெளுக்கும். மூடியைச் சரியாக மூடாமல் குளியலறையில் வைத்தால் ஈரம் பட்டுப் பட்டையே கெட்டுவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம்: அந்த ஊதா இடுப்புக் கொழுப்பிலிருந்து வந்ததா, டீயில் கரைத்த வெண்ணெயிலிருந்து வந்ததா என்று பட்டைக்குத் தெரியாது. விரலில் குத்திப் பார்க்கும் இரத்தக் கீட்டோன் மீட்டர் துல்லியமானது, 0.5 முதல் 3 மில்லிமோல் வரை உணவால் வரும் கீட்டோசிஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எடை நின்றதில் ஆச்சரியமே இல்லை. 30 கிராம் வெண்ணெய் 215 கலோரி, இரண்டு வேளைக்கு 430. நம் ஊர் பேலியோவில் பிரபலமான நூறு பாதாம் ஏறக்குறைய 120 கிராம் வரும், அது 700 கலோரி. சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்பே 1,100-ஐத் தாண்டிவிட்டது. உடம்பு ஏன் சொந்தக் கொழுப்பை எடுக்க வேண்டும்?

பிறகு மாற்றிக்கொண்ட வரிசை இது. முதலில் புரதம், அடுத்து மாவுச்சத்துக்கு உச்சவரம்பு, கொழுப்பு கடைசி. இருக்க வேண்டிய எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 165 செ.மீ. உயரத்துக்கு 62 கிலோ என்று வைத்தால் 75 முதல் 93 கிராம். நாலு முட்டை, எலும்பில்லாத கோழி 150 கிராம், பனீர் 100 கிராம் சேர்ந்தால் 75-ஐத் தொட்டுவிடும். கொழுப்பு என்பது தாளிக்க, வதக்க, பசி அடங்க எவ்வளவு தேவையோ அவ்வளவே. குறைக்க வேண்டிய எடை உடம்பில் இருக்கும்வரை மீதிக் கொழுப்பை உடம்பே போட்டுக்கொள்ளும். சைவக்காரர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பனீரை மட்டும் நம்பினால் 40 கிராம் புரதத்துக்கு 200 கிராம் பனீர், கூடவே 40 கிராமுக்கு மேல் கொழுப்பு வரும். சோயா சங்க்ஸ் காய்ந்த நிலையில் 30 கிராம் சேர்த்தால் 15 கிராம் புரதம் கிடைக்கும், நார்ச்சத்து போக மாவுச்சத்து 6 கிராம்தான். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடி ஒரு ஸ்கூப் இன்னும் சுலபம். புரதம் குறைந்து எடையும் வேகமாக இறங்கினால் மூன்றாம் மாதம் முடி கொத்தாகக் கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும்.

மாவுச்சத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் அடுத்த தலைவலி. சாதம் தெரியும், வேகவைத்தது 100 கிராமில் 28. தெரியாதது சின்ன வெங்காயம். பெரிய வெங்காயம் 100 கிராமில் ஏறக்குறைய 8 கிராம், சின்ன வெங்காயத்தில் 11 முதல் 13. ஒரு கை நிறைய வதக்கிப் போட்டால் மாவுச்சத்துக்கு நான் நாளுக்கு வைத்த 25 கிராம் வரம்பில் பாதி போய்விடும். புளி இன்னும் அடர்த்தி. எலுமிச்சை அளவு உருண்டையில் 12 கிராம் இருக்கும், குழம்பை நாலு பேர் பகிர்ந்தால் பரவாயில்லை, ஒருவரே மூன்று வேளைக்கு வைத்துக்கொண்டால் இல்லை. ஹோட்டல் சட்னியில் தேங்காயை விடப் பொட்டுக்கடலை அதிகம், சிக்கன் 65-இல் சோளமாவும் மைதாவும். முந்திரியைப் பாதாம் மாதிரி நினைத்துச் சாப்பிடுபவர்கள் உண்டு: பாதாம் 100 கிராமில் நார்ச்சத்து போக 9, முந்திரியில் 27. டீக்கு ஊற்றும் பால் 200 மில்லியில் 10 கிராம், நாளைக்கு மூன்று டீ என்றால் பாலிலேயே வரம்பு முடிகிறது. இளநீர் ஒன்று ஏறக்குறைய 10. சிறுதானியம் என்றால் பாதகமில்லை என்பது தவறு. கம்பு, கேழ்வரகு, வரகு எதுவானாலும் காய்ந்த எடையில் 100 கிராமுக்கு 60-க்கு மேல் மாவுச்சத்துதான். உடம்புக்கு நல்லது, சரி, கீட்டோசிஸுக்குள் அதற்கு இடமில்லை.

தலைவலி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, இவை மூன்றாம் நாளிலிருந்து வரும். பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். காரணம் உப்பு. இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. அதே நேரத்தில் சாம்பார், ரசம், ஊறுகாயும் சாதத்தோடு சேர்ந்து நின்றுவிடுவதால் உள்ளே போகும் உப்பும் குறைகிறது. காலையில் அரை டீஸ்பூன், மாலையில் அரை டீஸ்பூன் உப்பு, எலுமிச்சைத் தண்ணீரிலோ எலும்பு சூப்பிலோ கலந்து குடித்தால் சில மணி நேரத்தில் தலை தெளிவதைக் காணலாம். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அழுத்தம் இறங்கித்தான் கிறுகிறுப்பே வரலாம், அளந்து பார்த்து டாக்டரிடம் போங்கள்.

சர்க்கரை மாத்திரை பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, இன்சுலின் எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைக்கும் அன்றே டோஸையும் டாக்டர் குறைத்துத் தரவில்லை என்றால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை இன்னும் ஆபத்து. இவற்றோடு கீட்டோவில் இருந்தால் சர்க்கரை 150 என்று சாதாரணமாகக் காட்டிக்கொண்டே, கீட்டோன் எல்லை மீறி இரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் குளுக்கோமீட்டரைப் பார்த்து ஆறுதல் அடையாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கீட்டோவுக்கே வர வேண்டாம்.

இனி லேபுக்கு வீணாய் நடந்த கதை. மூன்றாம் மாதம் ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை. அதில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையும் அடக்கம். முடிவு 168. “உங்களுக்கு சர்க்கரை ஆரம்பிச்சிடுச்சு சார், டாக்டரைப் பாருங்க” என்று கவுண்டரில் தாளை நீட்டினார்கள். அதே தாளில், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.4, அதாவது இயல்பு. முரண்பாட்டை யாரும் கவனிக்கவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இரத்தம் எடுக்கும் முன்பு ஒருவரும் கேட்கவும் இல்லை. வாரக்கணக்கில் கொழுப்பில் ஓடும் உடம்பு திடீரென்று வரும் 75 கிராம் குளுக்கோஸைச் சமாளிக்கத் தடுமாறும். அதனால்தான் இந்தச் சோதனைக்கு முன் மூன்று நாள், தினம் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது விதி. மூன்று நாள் இட்லி, சாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி பணம் கட்டிப் பார்த்தபோது 118. அந்தத் தாளைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. குளுக்கோஸ் சோதனை வேண்டாம், எச்பிஏ1சி போதும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு காலைப் பொழுதும் மிஞ்சியிருக்கும். சிறுநீர்ப் பரிசோதனையிலும் கீட்டோன் மூன்று பிளஸ் காட்டும், டாக்டரிடம் உணவுமுறையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரத்தக் கொழுப்பு அறிக்கையில் டிரைகிளிசரைடு பெரும்பாலும் இறங்கும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் ஏறும். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் சிலருக்கு எக்கச்சக்கமாக ஏறிவிடுகிறது. “எடை குறையும்போது அப்படித்தான்” என்று சமாதானம் சொல்லி விட்டுவிடாதீர்கள். வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்து, நல்லெண்ணெய், கடலை எண்ணெய், மீனுக்கு மாறி, மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்கு மேல் ஏற்றி, இரண்டு மாதத்தில் மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றால் டாக்டர் சொல்வதுதான். தொடங்கும் முன்பே கிரியேட்டினின் (சிறுநீரகம்), யூரிக் ஆசிட், லிப்பிட் (இரத்தக் கொழுப்பு), டிஎஸ்எச் (தைராய்டு) எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். யூரிக் ஆசிட் முதல் சில வாரம் ஏறும், யூரிக் ஆசிட் மூட்டில் படியும் கவுட் ஏற்கனவே இருந்தால் கால் கட்டைவிரல் வீங்கலாம்.

எடை குறைய எப்போதும் கீட்டோசிஸில் இருந்தே ஆக வேண்டுமா என்றால், வேண்டாம். முதல் ஆறு வாரம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் மாவுச்சத்தில் நின்றால் பசியும் இனிப்பு ஆசையும் அடங்கும், அதுதான் அதன் பெரிய லாபம். பிறகு அந்த நாள் அளவை வாரத்துக்கு 10 கிராம் ஏற்றலாம். முதலில் காய், அடுத்து தயிர், கொய்யா, கடைசியில் பருப்பு. 50-ஐத் தாண்டியதும் பட்டையில் பலருக்கு நிறமே வராது. 70 கிராமில் எடை வாரம் 300 முதல் 400 கிராம் இறங்குகிறதா, அங்கேயே நில்லுங்கள். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து வாரம் ஒரு முறை அளப்பதும், ஏழு நாள் எடையின் சராசரியும் பட்டையை விட நூறு மடங்கு உண்மை சொல்கின்றன.

கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டால் மறுநாள் காலை ஒன்றரை கிலோ ஏறியிருக்கும். அது கொழுப்பு இல்லை. ஒன்றரை கிலோ கொழுப்புக்கு 11,000 கலோரிக்கு மேல் மிகையாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், ஒரு இலையில் அது நடக்காது. கிளைக்கோஜனும் அதோடு வந்த தண்ணீரும் உப்பும்தான். பழைய அளவுக்குத் திரும்பிவிட்டு, நான்காம் நாள் காலையில் ஏறி நின்று பாருங்கள்.