பூசணி இலையில் வெள்ளைப் பொடி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இன்று காலை ஒரு வேலியோரம் பார்த்தது. பூசணி இலை முழுக்கத் திருநீறு பூசிய மாதிரி வெள்ளை.

விரலால் தேய்த்தால் பொடி கையோடு வருகிறது. சாம்பல் நோய் என்ற பூஞ்சை நோயேதான். சில பூசணி ரகங்களில் நரம்போரம் இயல்பாகவே வெள்ளித் திட்டு இருக்கும், அது தேய்த்தாலும் போகாது. பாவம், அந்த நல்ல இலைகளைக் கிள்ளி எறியாதீர்கள்.

மழைதான் காரணம் என்பார்கள். இல்லை. இந்தப் பூஞ்சைக்கு இலை நனைய வேண்டியதே இல்லை. ஈரக் காற்றும் நிழலும் கொடி நெருக்கமும் போதும்.

அதனால் முதல் மருந்து கத்தரிக்கோல். பொடி படிந்த அடியிலைகளை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள், கொழுத்த தளிரில் நோய் வேகமாக ஏறும்.

பிறகு தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா, அரைத் தேக்கரண்டி சமையல் எண்ணெய், சில துளி பாத்திரச் சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் நீர் ஒட்டாமல் உருண்டோடும். அடிப்பக்கமும் நனையட்டும். வாரம் ஒரு முறை, வெயில் ஏறுமுன்.

சோடா கூடினால் இலையோரம் கருகும். முதலில் ஓரிரு இலைகளில் அடித்து ஒரு நாள் பாருங்கள். வெளுத்த இலை மறுபடி பச்சையாகாது, புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்பதுதான் கணக்கு.

பால்மரத் (ரப்பர் மரத்) தளிருக்குக் கந்தகத் தூள் அடித்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதுவும் சாம்பல் நோய்க்குத்தான், ஆனால் வேறு பூஞ்சை. வெள்ளரி, பூசணிக்குக் கந்தகம் போடாதீர்கள். 32 டிகிரிக்கு மேல் இலை எரியும். எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் என்றால் இன்னும் மோசம்.