நான் அச்சடித்த ஆண்டு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, திருவிழா நோட்டீஸ், பள்ளி மலர் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது. சுற்றிலும் முன்பு பால்மரம் என்கிற ரப்பர், இப்போது செம்பனை. கடைக்கு வருகிறவர்கள் இன்னமும் ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள், அந்தத் தோட்டம் இன்று இல்லாவிட்டாலும்.

2012ல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஆரம்பித்தேன். முதலில் எழுத்துப்பிழை திருத்துவதுதான். அப்புறம் எங்கள் ஊர் பற்றிய பக்கங்கள். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து ஆங்கிலேய ஆட்சி கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அதே ஜூன் 16ல்தான், 1919ல், பின்னாளில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவரான துன் வீ. தி. சம்பந்தன் இந்த ஊரில் பிறந்தார். இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. புத்தகங்கள் உண்டு, பழைய நாளிதழ்கள் உண்டு. யார் கேட்டாலும் சான்றைக் காட்டிவிடலாம்.

2016ல் எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. மலர் அச்சடிக்க வரும் சங்கத் தலைவர்களும் குத்தகையாளர்களும், "இணையத்தில நம்ம பேரு வரணுமே" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மலரோடு ஒரு விக்கிப்பீடியா பக்கமும், கூடுதலாக முந்நூறு வெள்ளி (ரிங்கிட்). எழுத வேண்டியது நான். இரண்டு பக்கம் எழுதினேன். பணம் என் கைக்கு வரவில்லை, மாதச் சம்பளம் மட்டும்தான் வாங்குகிறேன், அதனால் இது தவறில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2014லேயே, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் பயன்பாட்டு விதிகளில் இதைத் தெளிவாகச் சேர்த்துவிட்டது. கூலிக்காகத் தொகுப்பவர் தன் முதலாளி யார், பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் யார், தனக்கு என்ன தொடர்பு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வேலையின் பகுதியாக எழுதினால் சம்பளமும் கூலிதான். 2015ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் மட்டும் 381 கணக்குகள் தடை செய்யப்பட்டன. பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை போடுவதும், போட்ட கட்டுரையை நீக்காமல் பார்த்துக்கொள்ள மேலும் பணம் கேட்பதும் அங்கே நடந்திருந்தன. இவ்வளவும் தெரிந்துதான் எழுதினேன்.

ஒரு பயனர், கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கென்று இருக்கும் உரையாடல் பக்கத்தில் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "இந்தக் கட்டுரையில் குறிப்பிடப்படும் நபரோடு தங்களுக்கு ஏதேனும் தொடர்பு உண்டா?" பதினோரு நாள் பதில் எழுதவில்லை. பன்னிரண்டாம் நாள் உள்ளதை எழுதினேன். போதிய குறிப்பிடத்தக்கமை இல்லை, அதாவது தனிக் கட்டுரை போடும் அளவுக்கு வெளிச் சான்றுகள் இல்லை என்று இரண்டு பக்கங்களும் நீக்கப்பட்டன. முதலாளி அறுநூறு வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு வாரம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கடையில் எழவில்லை. அத்தோடு என் கணக்கு சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நான் செய்து வைத்திருந்த ஒன்று அப்போது நினைவுக்கே வரவில்லை.

அது நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோவில் பற்றியது.

2014ல் கும்பாபிஷேக மலர் வேலைக்காகக் கோவில் தலைவர் வந்தார். வாழ்த்துச் செய்திகள் இருந்தன, உபயக்காரர் பட்டியல் இருந்தது, விளம்பரங்கள் இருந்தன. கோவில் வரலாறு மட்டும் இல்லை. "நீ அந்தத் தோட்டத்துப் பிள்ளைதானே, நீயே ரெண்டு பக்கம் எழுதிடும்மா" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று இரவே பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். "ஆத்தா எங்கப்பாவைக் கைக்குழந்தையா தூக்கிக்கிட்டு வந்து இறங்கினப்பவே வேப்பமரத்தடியில சூலம் நட்டிருந்துச்சாம்" என்றார். எந்த வருடம் என்று அவருக்குத் தெரியவில்லை. பெரியப்பாதான் மூத்த பிள்ளை, அடையாள அட்டைப்படி 1933ல் பிறந்தவர். அப்போது தாத்தாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும் என்று நானாக வைத்துக்கொண்டு கழித்துப் பார்த்தேன். "1908 வாக்கில்" என்று தட்டச்சு செய்தேன்.

புரூஃப் பார்க்க வந்த தலைவர் சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு சொல்லை அடித்தார். "வாக்கில் எதுக்கும்மா? 1908னே போடு, நல்லா இருக்கும்." நானும் எடுத்துவிட்டேன். எனக்கும் அப்படித்தான் நன்றாக இருந்தது.

மலர் வெளியான மூன்று வாரத்தில் விக்கிப்பீடியாவில் அந்தக் கோவிலுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். "இக்கோவில் 1908ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது." சான்று: கும்பாபிஷேக மலர், பக்கம் 11. யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. மலேசியத் தோட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நானே எழுதி, நானே அச்சடித்து, நானே சான்று காட்டியிருக்கிறேன் என்பது அன்றைக்கு என் மனதில் தட்டவே இல்லை. காசு வாங்கவில்லை. என் தாத்தாவின் கோவிலைப் பற்றி எழுதுகிறேன், அவ்வளவுதான். நலமுரண், அதாவது எழுதுகிறவருக்கு எழுதும் பொருளோடு சொந்தத் தொடர்பு இருப்பது, என்றால் அதுவரை எனக்குக் காசு மட்டும்தான்.

2019ல் கோவிலுக்குப் புது நுழைவாயில் கட்டினார்கள். நெற்றியில் சிமெண்டில் "தோற்றம் 1908".

2021ல் தோட்ட நிலம் கைமாறியது. நில அளவைக்காரர்கள் கோவில் வேலியை ஒட்டிக் குச்சி நட்டுவிட்டுப் போனார்கள். தோட்டக் கோவில்கள் பலவற்றுக்கு நிலப்பட்டா கிடையாது. கோவில் எத்தனை காலமாக இங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் ஜனங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம். தலைவரும் இரண்டு கமிட்டிக்காரர்களும் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மகஜரோடு கடைக்கு வந்தார்கள். இணைப்புகளை வண்ணத்தில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாவது இணைப்பு என்னுடைய கட்டுரை. பிரிண்டர் அந்தத் தாளை மெல்ல வெளியே தள்ளியது. முதல் வரியில் 1908.

"விக்கிப்பீடியாவே சொல்லுது பாரும்மா."

"ஐயா, அது நான் எழுதினது."

"தெரியும்மா. அதனாலதான் சரியா இருக்கு."

அவர் அதை முழு நம்பிக்கையோடு சொன்னார். பல ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எதிர்த்தரப்பில் ஒருவர் அந்த 1908ஐப் பிடித்து இழுத்தால், பக்கம் 11க்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்து, என்னிடமிருந்து ஒரு கழித்தல் கணக்கில் போய் நிற்கும். அதோடு சேர்த்து உண்மையானவற்றையும் சந்தேகிப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனேன். பழைய மணி ஒன்று மடப்பள்ளிப் பக்கம் கிடந்தது. புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். பச்சைக் களிம்பு போகப் போக விளிம்பில் எழுத்து தெரிந்தது. "உபயம்" என்ற சொல், ஒரு பெயர், "கங்காணி" என்ற சொல், 1927. தோட்ட மேஸ்திரிகளான கங்காணிகள் தமிழ்நாட்டில் தங்கள் ஊருக்குப் போய் வேலைக்கு ஆள் கூட்டி வருவது 1938ல் நின்றது, அதனால் இந்த ஆண்டு பொருந்தி வருகிறது. 1908 பொய்யென்று மணி சொல்லவில்லை. 1927ல் இங்கே மணி கொடுக்கும் அளவுக்கு ஒரு கோவில் இருந்தது என்று மட்டும் சொல்கிறது.

அன்று இரவு கட்டுரையைத் தொடவில்லை. உரையாடல் பக்கத்தில் எழுதினேன். மலரின் பக்கம் 11ஐ எழுதியவள் நான், அச்சிட்டது நான் வேலை செய்யும் கடை, கோவில் என் குடும்பத்தோடு தொடர்புடையது, ஆண்டு என் ஊகம், தொடர்பில்லாத யாராவது பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கேட்டேன். மணியின் படத்தை, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் பொதுவகத்தில் ஏற்றினேன். நானே தேய்த்துப் படித்ததை நானே கட்டுரையில் எழுதினால் அது சொந்த ஆய்வு, விக்கிப்பீடியாவில் அதற்கு இடமில்லை. இலங்கையிலிருந்து எழுதும் ஒரு பயனர் நான்கு நாள் கழித்து அந்த வரியை நீக்கினார். மணியின் படத்தைக் கட்டுரையில் சேர்த்தார்.

விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே 2005ல் தன்னைப் பற்றிய கட்டுரையைத் தானே திருத்திவிட்டுப் பின்பு வருத்தப்பட்டார். அந்த விஷயம் எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் ஒருவர் ஒதுங்கினால் எழுத ஆயிரம் பேர் உண்டு. எங்கள் ஊரில் ஒரு தோட்டத்தைப் பற்றித் தெரிந்தவர் அந்தத் தோட்டத்தோடு உறவு உள்ளவராகத்தான் இருப்பார். உறவுள்ளவர் எல்லோரும் ஒதுங்கிவிட்டால் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாழ்க்கையைப் பற்றி ஒரு வரியும் மிஞ்சாது. அதனால் நான் ஒதுங்கவில்லை. என் பயனர் பக்கத்தில் எந்தத் தோட்டம், எந்தக் கடை, எந்தெந்த மலர்கள் என் கைபட்டவை என்று பட்டியல் போட்டிருக்கிறேன். அவற்றை நான் சான்றாகக் காட்டுவதில்லை. உரையாடல் பக்கத்தில் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். சில நேரம் மாதக்கணக்கில் யாரும் வருவதில்லை.

தலைவருக்கு என்மேல் வருத்தம். "ஊரே தூக்கி நிறுத்தினதை நீ கீழே போட்டுட்டியே" என்றார். மகஜரில் அந்தத் தாளை எடுத்துவிட்டு மணியின் படத்தை வையுங்கள் என்று கெஞ்சினேன். இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வந்தார். நில விவகாரம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. கொஞ்ச காலம் அவர் தன் அச்சு வேலைகளை எல்லாம் கோலகங்சாருக்குக் கொண்டு போனார்.

இந்த ஆண்டு மீண்டும் வந்தார், அடுத்த கும்பாபிஷேக மலருக்காக. வரலாற்றுப் பக்கத்தை என்னிடமே கொடுத்தார். பெரியப்பா இப்போது இல்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் போட்டேன். கீழே சொன்னவர் பெயர், அப்போது அவருக்கு வயது 81, கேட்டு எழுதியவள் அவருடைய தம்பி மகள் என்று போட்டேன். பக்கத்தில் மணியின் படம். ஆண்டு வரும் இடத்தில் "1908 வாக்கில் என்று ஒரு கணக்கு" என்று இருக்கிறது.

புரூஃபைத் தலைவர் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை.