மட் ஃபிளாப்பைக் கழற்றியாச்சு, ஓட்டைகளை என்ன செய்வது?

பிக்கப்பில் மட் ஃபிளாப்பை, அதாவது டயருக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் தொங்கும் தடுப்பைக் கழற்றுவது பத்து நிமிட வேலை. கழற்றிய பிறகு வீல் ஆர்ச்சில் (டயருக்கு மேலே வளைந்திருக்கும் பகுதி) பல்லிளிக்கும் ஓட்டைகளைப் பார்த்ததும் பலர் ஓட்டை அடைக்கப் பட்டியைக் (பாடி புட்டி) குழைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பின்னால் பிடிமானம் இல்லாமல் ஓட்டைக்குள் அடைத்த பட்டி, வண்டி ஆடுகிற ஆட்டத்தில் ஓரத்தில் விரியும். அந்தக் கீறல் வழியாக ஈரம் இறங்கும், பட்டியும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே தகரம் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். வண்டியைக் கெடுப்பது ஓட்டை இல்லை, பெயின்ட் போன அதன் விளிம்புதான். அதைச் சரிசெய்துவிட்டால் ஓட்டைக்கு ஒரு மூடி போதும்.

முதலில் அது கம்பெனி போட்ட ஓட்டையா, பிறகு யாரோ டிரில் செய்ததா என்று பாருங்கள். கொஞ்சம் பஞ்சை உள்ளே விட்டுச் சுழற்றினால் தெரிந்துவிடும். கம்பெனி ஓட்டையில் பஞ்சு வழுக்கிக்கொண்டு வரும். டிரில் செய்ததில் பிசிறு நூலைப் பிடித்து இழுக்கும். விரலை விடாதீர்கள், கிழித்துவிடும்.

இன்னொன்று. டயரை மூடியிருக்கும் ஃபெண்டர் தகரத்தின் அடிமுனையில் தண்ணீர் வடியவென்றே சில ஓட்டைகள் இருக்கும். மட் ஃபிளாப் இருந்த இடத்தில் அழுக்குக் கோடு அதன் வடிவத்திலேயே பதிந்திருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதைத் தொடாதீர்கள். அவசரத்தில் வடிகாலை அடைத்துவிட்டால் சேறு உள்ளேயே தங்கி அடியிலிருந்து அரிக்கும்.

கம்பெனி ஓட்டைகளில் பெரும்பாலும் ஒரே ஸ்குரூதான் மட் ஃபிளாப்பையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை வெறுமனே விட்டால் லைனர் தொங்கி, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயரில் உரசும். பழைய ஸ்குரூவையே மாட்டலாமா என்றால், ஃபிளாப்பின் தடிமன் போய்விட்டதால் அது அந்த அளவுக்குக் கூடுதலாக உள்ளே நீளும். நுனி எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். குட்டையான ஸ்குரூ போடுங்கள், இல்லையென்றால் அதே தடிமனுக்கு நைலான் வாஷர் கொடுங்கள்.

டிரில் செய்த ஓட்டைதான் வேலை வாங்கும். பிசிறை உருண்டை அரத்தால் எடுத்து, சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 320. மடிப்புக்குள் விழுந்த இரும்புத் தூளைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். அதை விட்டுவிட்டால் அங்கிருந்தே புதுத் துரு கிளம்பும். குழிகளில் துரு மிச்சமிருந்தால் துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்டர் தடவி, கறுத்துக் காயவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பெயின்டுக்கு அடிக்கோட்டாக எபாக்ஸி பிரைமர். ஸ்பிரே நேராக அடித்தால் விளிம்பின் பின்பக்கம் படாது. ஸ்பிரே டப்பாவின் மூடியில் கொஞ்சம் பீய்ச்சி, காது குடையும் பட்ஸால் தொட்டு ஓட்டையின் உள்சுற்று முழுவதும் தடவுங்கள். மெல்லிசாக இரண்டு கோட், மேலே வண்டி நிறத்தில் டச்-அப் இரண்டு கோட். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஈரத்தில் கிளிப்பைத் திணித்தால் தடவியதையெல்லாம் அதுவே வழித்துக்கொண்டு போகும்.

ஓட்டையின் மூடிக்கு, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் புஷ் கிளிப்போ ரப்பர் பிளக்கோ போதும். கிளிப் வாங்கும்போது ஓட்டையின் விட்டத்தைத்தான் சொல்ல வேண்டும், தலையின் அளவை அல்ல. காலிபர் இல்லையா, டிரில் பிட்டின் பின்பக்கத் தண்டை விட்டுப் பாருங்கள். இறுக்கமாக நுழைகிற தடித்த பிட்தான் உங்கள் அளவு. தகரம் ஒரு மி.மீ.கூட இருக்காது. பம்பருக்கான நீளக் கிளிப்பைப் போட்டால் கடகடவென்று ஆடி, போட்ட பெயின்டைச் சுரண்டும். தலைக்கு அடியில் ப்யூட்டைல் டேப்பை (ரப்பர் மாதிரி ஒட்டும் மெத்தென்ற டேப்) நூல் மாதிரி உருட்டி ஒரு சுற்று வைத்து அழுத்துங்கள். அது இறுகிப்போகாது, நாளைக்குக் கழற்றவும் வரும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் மட்டும் வேண்டாம். அந்த அமிலம் வெறும் தகரத்தை அரிக்கும், அதன் மேல் பெயின்டும் ஒட்டாது.

வண்டியின் தகரத்தில் காந்தம் ஒட்டவில்லையா? அது அலுமினியமாக இருக்கலாம். 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150 பாடி அலுமினியம். அதில் சாதா இரும்பு ஸ்குரூ போட்டால் ஈரம் பட்டதும் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இரும்பைத் தேய்த்த கம்பி பிரஷ்ஷும் அதன் பக்கம் வரக்கூடாது, ரஸ்ட் கன்வெர்டருக்கும் அங்கே வேலையில்லை. பிளாஸ்டிக் கிளிப்பே நிம்மதி.

எல்லாம் முடிந்ததும் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, டயருக்கும் லைனருக்கும் இடைவெளி பாருங்கள். நல்ல மழையில் ஓட்டியபின் டார்ச் அடித்து ஒருமுறை கிளிப்பின் ஓரத்தைக் கவனியுங்கள். பழுப்புக் கோடு வழிந்திருந்தால் பிரைமர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. கிளிப்பை எடுத்துவிட்டு மறுபடி உப்புத்தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.