பிணையும் வாக்கும்

2024 மக்களவைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, சிறையின் சட்ட உதவி மையத்தில் ஒரு விசாரணைக் கைதிக்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். குண்டர் சட்டத்தில் இருப்பவர்களுக்குத் தபால் வாக்கு இருக்கும்போது தனக்கு ஏன் இல்லை என்று அவர் கேட்டார். சிறையில் இருக்கும் எவரும் வாக்களிக்க முடியாது என்கிற 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு, குண்டர் சட்டம் போன்றவற்றின்கீழ் தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு அளிப்பதைச் சொன்னேன்.

“அத விடுங்க. ஜாமீன் ஆர்டர் வந்தாச்சு. ஜாமீன்தாரருக்கு வழி பார்ப்போம், வெளிய போய் ஓட்டுப் போடலாம்.”

“அப்போ ஜாமீன் நிக்க ஆள் இருக்கிறவனுக்குத்தான் ஓட்டா மேடம்?”

சட்டத்தை என்னால் மாற்ற முடியாது. பிணை நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போட முடியும். உத்தரவு கிடைத்து ஏழு நாட்களுக்குள் விடுதலையாகாதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி வழங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், அப்படி மனுப் போடுவதே என் கடமையும். ஆனாலும் அவர் கேட்டது உரிமையை. நான் பேசியது விடுதலையை. ஒரே குற்றச்சாட்டில் தண்டனையே பெற்று, மேல்முறையீட்டில் பிணையில் இருப்பவர் வாக்குச்சாவடிக்குப் போகலாம். குற்றம் நிரூபிக்கப்படாத இவர் போக முடியாது. இடையில் இருப்பது பெரும்பாலும் பணமும் ஆள்பலமும்தான்.

1997இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் இந்தத் தடையை ஏற்ற உச்ச நீதிமன்றம், காவலர் பற்றாக்குறையையும் அரசியலில் குற்றவாளிகளின் செல்வாக்கைத் தடுக்கும் தேவையையும் காரணங்களாகச் சொன்னது. இரண்டாவது காரணத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. சிறைக்குள் ஒருவருடைய அச்சுறுத்தலுக்குப் பலர் பணிவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்கள் எல்லோரையும் அந்த அச்சத்துக்குள் அடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மேலும், 2013 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு சிறையிலிருந்தே போட்டியிடலாம். 2024 ஜூனில், திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த காஷ்மீர் அரசியல்வாதி ‘பொறியாளர்’ ரஷீத் பாரமுல்லா மக்களவைத் தொகுதியில் வென்றார். வேட்பாளராகத் தகுதியுள்ளவருக்கு வாக்காளராகத் தகுதியில்லை என்பதை நான் எந்தக் கைதிக்கும் நம்பும்படி விளக்க முடியாது.

அவருடைய நிபந்தனை தளர்த்தப்பட்டபோது வாக்குப்பதிவு முடிந்திருந்தது. இன்று வேறொருவர் கேட்டாலும் முதலில் பிணை மனுவைத்தான் எடுப்பேன். அவர் கேட்டதற்கு அது பதிலாகாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுவேன்.