எண்பது பேர் அரங்கம், ஒன்பதரை மணித் தெரு

சென்னையில் குடியிருப்புத் தெருவுக்குள் ஒரு சின்ன நாடக அரங்கம் தொடங்க நினைக்கிறவர்கள், மேடை எத்தனை அடி, லைட் எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வாடகை பேசுவதற்கு முன் இரவு ஒன்பதரை மணிக்கு அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். எத்தனை வீட்டில் விளக்கு அணைந்திருக்கிறது, எந்த கேட்டை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது, யார் வீட்டுத் திண்ணையில் பெரியவர் படுத்திருக்கிறார் என்றெல்லாம் தெரியும். நாடகம் முடிந்து எண்பது பேரும் நாற்பது பைக்கும் வெளியே வரப்போகிற நேரம் அது. அந்த அரை மணி நேரத்தைத் தெரு பொறுத்துக்கொண்டால் அரங்கம் நடக்கும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் காட்டி, நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்கச் சொல்லி வந்தார்கள். ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியப் பிரிவுகளை 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சின்னக் குழுக்கள் எல்லாம் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன. இன்று கையில் இருக்க வேண்டியவை கட்டடம் சார்ந்தவை: பொதுமக்கள் கூடும் இடத்துக்கான உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, பதிவு செய்த பாட்டைப் போட்டால் அதற்கான இசை உரிமம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மூடிய அரங்கத்துக்குள் பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க விதியில் இடம் உண்டு. வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அந்தக் கசிவில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். தயவுசெய்து சுவரில் முட்டை அட்டை ஒட்டாதீர்கள். உள்ளே எழும் எதிரொலியில் கீச்சுப் பகுதியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சத்தம் வெளியே போவதை அது தடுக்காது. தீப்பிடித்தால் சரசரவென்று எரியும். சத்தத்தை நிறுத்துவது கனமும் அடைப்பும்தான். இரண்டு பக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நல்ல சுவர். ஆனால் சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது, சுவர் எத்தனை தடிமனாக இருந்தாலும் சரி. அதனால் பணத்தை முதலில் ஓட்டைகளில் போடுங்கள். ஏ.சி. குழாய் போகும் துளை, எக்ஸாஸ்ட் ஃபேன் கூடு, கதவுக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி, வயர் நுழையும் பைப்.

இவற்றைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ராத்திரி அரங்கத்துக்குள் எல்லா விளக்கையும் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருட்டில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். வெளிச்சம் கீற்றாகத் தெரிகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் குறி போடுங்கள். வெளிச்சம் வருகிற வழியில் சத்தமும் வரும். மறுநாள் குழாய்த் துளையைப் புட்டியால் அடைத்து, கதவு நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டினால் வித்தியாசம் காதுக்கே தெரியும். வாசலில் ஒரு கதவு போதாது. நாலைந்து அடி இடைவெளியில் இரண்டு கதவு வையுங்கள், உள்ளே அடைசல் மரமாக இருக்கும் கனமான ஃப்ளஷ் கதவாக. நடுவில் எழுந்து போகிறவர் முதல் கதவைச் சாத்திவிட்டு இரண்டாவதைத் திறந்தால் தெரு விளக்கும் ஆட்டோ ஹாரனும் மேடைக்கு வராது. இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது பூட்டே போடக் கூடாது. பின்பக்கம் இன்னொரு வழி கட்டாயம்.

உள்ளே அடுத்த தொல்லை எதிரொலி. காலியான கான்கிரீட் அறையில் ஒரு தட்டு கைதட்டிப் பாருங்கள், ‘டிர்ர்’ என்று நீண்டால் வசனத்தின் கடைசி எழுத்துகள் கரைந்துபோகும். எண்பது பேர் அரங்கத்தில் பேச்சுக்கு மைக்கே தேவைப்படக் கூடாது. மூன்று சுவருக்குக் கறுப்புத் திரை போதும், ஆனால் சுவரின் அகலத்துக்கு இரு மடங்கு துணி எடுத்து மடிப்பு விட்டுத் தொங்கவிட வேண்டும். சுவரிலிருந்து ஐந்தாறு அங்குலம் தள்ளி. நீட்டாக இழுத்துக் கட்டிய மெல்லிய துணி எதையும் உறிஞ்சாது. துணி கோடவுன் தெருவில் மொத்த விலைக்குக் கிடைக்கும். பருத்தித் துணி என்றால் தொங்கவிடும் முன் தீத்தடுப்புக் கரைசலில் நனைத்து எடுங்கள்: 10 லிட்டர் சுடுதண்ணீருக்கு வெங்காரம் (போராக்ஸ்) 1 கிலோ, போரிக் ஆசிட் 425 கிராம். நன்றாகக் கரைந்ததும் துணியை முக்கி, முறுக்காமல் உலர்த்த வேண்டும். காய்ந்த பிறகு ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, வெட்டவெளியில் பத்துப் பன்னிரண்டு விநாடி தீயில் காட்டிப் பாருங்கள். தீயை எடுத்ததும் தானாக அணைந்து கருக வேண்டும். தொடர்ந்து எரிந்தால் கரைசல் சரியாக ஏறவில்லை. ஒரு தடவை துவைத்தால் எல்லாம் போய்விடும், மறுபடி நனைக்க வேண்டும். பாலியெஸ்டருக்கு இது உதவாது.

லைட்டுக்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பில் சதுரக் கட்டம், தரையிலிருந்து குறைந்தது 13 அடி உயரத்தில். ஒவ்வொரு விளக்குக்கும் கிளாம்ப் தவிர ஒரு சேஃப்டி செயின். இதில் சமரசமே கிடையாது. கீழே உட்கார்ந்திருப்பது நம்மை நம்பி வந்த ஆட்கள்.

ஹாலோஜன் ‘பார்’ (PAR) எனும் மேடை விளக்கு பன்னிரண்டு போட்டால், ஒவ்வொன்றும் 1,000 வாட் என்று வைத்தால், 12 கிலோவாட். 230 வோல்ட்டில் 52 ஆம்பியர். ஒரே பேஸில் இதை இழுக்கவே கூடாது. அதோடு, அந்த 12 கிலோவாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் அறையில் தங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். எண்பது பேருக்கு 8 கிலோவாட். மொத்தம் 20. ஒரு டன் ஏ.சி. மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால், வெயிலில் காய்ந்த மொட்டைமாடியைக் கணக்கில் சேர்க்காமலே ஆறு டன் தேவை. எல்.இ.டி.க்கு மாறினால் விளக்கின் பங்கு இரண்டு கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். விளக்கின் விலை கூடுதலாக இருந்தாலும் ஏ.சி.யிலும் மின் இணைப்பிலும் அது திரும்பி வரும். மலிவு எல்.இ.டி. பாரில் உள்ளே ஒரு ஃபேன் இரையும், மெல்ல மங்க வைத்தால் கடைசியில் திடீரென்று அணையும். வாங்கும் முன் இருட்டறையில் பத்து விநாடியில் மெல்ல மங்கும்படி ஃபேட் கொடுத்துப் பாருங்கள்.

விளக்குகள் காரணமில்லாமல் துடித்தால் உடனே லைட் போர்டைக் குறை சொல்ல வேண்டாம். போர்டிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டி.எம்.எக்ஸ். கேபிளுக்குப் பதில் மைக் கேபிள் போட்டிருப்பார்கள், அல்லது கடைசி விளக்கில் சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் டெர்மினேட்டர் இருக்காது. எக்ஸ்.எல்.ஆர். எனும் மைக் வகைப் பிளக்கின் ஆண் முனை ஒன்றில் 2ஆம், 3ஆம் பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துச் செருகினால் போதும். ரிச்சி தெருவில் வாங்கினால் எல்லாம் சேர்த்தே அற்பக் காசு. ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால் விளக்கை மங்க வைக்கும் டிம்மரும் சவுண்டும் ஒரே பேஸில் இருக்கின்றனவா, மைக் வயரும் கரண்ட் வயரும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் குறுக்கே கடந்தாக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

டிக்கெட் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 200 ரூபாய் டிக்கெட், எண்பதில் 48 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள்: 9,600 ரூபாய். குழுவுக்கு எழுபது, அரங்கத்துக்கு முப்பது என்று பிரித்தால் நமக்கு 2,880. லைட் ஆபரேட்டர், துப்புரவு செய்கிற அக்கா, வாட்ச்மேன் அண்ணன் மூவருக்கும் கொடுத்தபின் கரண்ட் பில்லுக்குக்கூடக் காணாது. (நாடக டிக்கெட் 500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. கிடையாது, அது ஒரு ஆறுதல்.) ஆகவே கட்டட வாடகை பகலிலிருந்துதான் வர வேண்டும்: காலை ஒத்திகை, பிள்ளைகளின் பயிற்சி வகுப்பு, சினிமா ஆடிஷன், புத்தக வெளியீடு. ஆடிஷனுக்கு முழு வாடகை வாங்குங்கள், நாடகக் குழுவிடம் வசூலில் பங்கு மட்டும். புதிய குழுவிடம் முன்பணம் கேட்டால் அடுத்த தலைமுறை நாடகம் எங்கிருந்து வரும்?

நேரத்தில் பெங்களூரு ரங்க சங்கராவைப் பின்பற்றுங்கள். 2004இல் அருந்ததி நாக் முன்னின்று திறந்த அந்த அரங்கத்தில் சொன்ன நேரத்துக்கு நாடகம் தொடங்கும், அதற்குப் பின் கதவு திறக்காது. ஏழு மணி என்றால் ஏழு. பதினைந்து நிமிடத் தாமதம் ஒன்பதரையை ஒன்பதே முக்கால் ஆக்கும், அது தெருவில் போய் விழும். இடைவேளையும் யோசித்துத்தான். பெண்களுக்கு இரண்டே கழிப்பறை, நாற்பது பெண்கள், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் அரை மணி நேரம். பத்து நிமிட இடைவேளை என்று அறிவிப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும் நாடகத்துக்கு இடைவேளையே வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரு முறையாவது விடிய விடியக் கூத்து வையுங்கள். புரிசை மாதிரி ஊர்களில் அது திறந்தவெளிக் கலை. மூடிய அரங்கத்துக்குக் கொண்டுவரும்போது சில விஷயங்கள் மாறும். மரத்தாலான அணிகலன் பூட்டிய கட்டை வேடக்காரருக்குத் தோளில் புஜகீர்த்தி இரண்டு பக்கமும் விரிந்திருக்கும், சாதாரணக் கதவில் நேராக நுழைய முடியாது. பக்கவழி நாலடி அகலம் வேண்டும். அரிதாரம் பூசச் சில மணி நேரம் ஆகும், எனவே மதியமே வேடக்கொட்டகைக்குத் தரையில் பாய், நல்ல விளக்கு, தண்ணீர், கண்ணாடி தயாராக இருக்கட்டும். பிளைவுட் மேடையில் ஆட விடாதீர்கள். அடியில் வெற்றிடம் இருந்தால் ஒவ்வொரு அடவும் டமாரம் போல அதிர்ந்து சலங்கையை விழுங்கிவிடும். சிமெண்டுத் தரையில் மூன்று பக்கமும் ஜனம், பின்னால் பின்பாட்டுக்காரர்களுக்கு பெஞ்சு.

சத்தமும் வேறு மாதிரி. முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலின் கீச்சுச் சத்தம் கதவிடுக்கு வழியாகப் போகும், அதை ரப்பர் பீடிங் நிறுத்திவிடும். மிருதங்கத்தின் இடந்தலை, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், சுவர் வழியாகவே போகும். அதனால் வாத்தியக்காரர்களைப் பக்கத்து வீட்டைத் தொட்ட சுவரில் உட்கார வைக்காமல், எதிர்ச்சுவரில், கனமான பாய் மேல் உட்கார வையுங்கள். சப்-ஊஃபரை அன்றைக்குக் கழற்றியே வைக்கலாம். ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போய், “அக்கா, வர்ற சனிக்கிழமை ராத்திரி கூத்து, நீங்களும் வரணும், சத்தம் அதிகமா இருந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க” என்று நேரில் சொல்ல வேண்டும். வாட்ஸாப் போதாது. அந்த நம்பரை விடியும்வரை ஒருவர் எடுக்க வேண்டும். முன்வரிசைப் பாய் தெருக்காரர்களுக்கு, டிக்கெட் இல்லாமல். மெட்ரோ இரவு 11 மணியோடு நின்றுவிடும் என்பதால் நடுவில் கிளம்பும் பெண்களுக்குத் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களிடம் முன்னமே பேசி வையுங்கள்.

இரண்டு மணிக்குச் சுக்குக் காபி. 5 லிட்டர் தண்ணீருக்குத் தட்டிய சுக்கு 50 கிராம், மல்லி 100 கிராம், மிளகு ஒரு மேசைக்கரண்டி, பனைவெல்லம் அரைக் கிலோ. மல்லியை வறுத்து இடித்துப் போட்டால் கசக்காது. 60 மில்லி டம்ளரில் எழுபதுக்குக் குறையாமல் வரும். இந்த அளவு அரங்கத்துக்கு மதுக்கூட உரிமம் கிடைக்க வழியில்லை. நம் இரவு வாழ்க்கை இந்த அடுப்பைச் சுற்றித்தான்.

சாதாரண நாளிலும் டீயை உள்முற்றத்தில் கொடுங்கள், வாசலில் வேண்டாம். ஐம்பது பேருக்கு மூன்றரை லிட்டர் டீ, இரண்டு கிலோ கொண்டைக்கடலைச் சுண்டல். நடிகர்கள் வேஷம் கலைத்து அங்கேயே வருவார்கள், ஜனம் பேசிக்கொண்டு நிற்கும், வெளியே போவது இருபது நிமிடத்துக்குப் பரவும். எண்பது பேர் ஒன்றாக வாசலில் கொட்டுவது இதனால்தான் நிற்கிறது. வண்டிகளை வரும்போதே முகம் வெளியே பார்க்க நிறுத்தச் சொல்லுங்கள்; இருட்டில் பின்னுக்கு எடுத்து, ஹெட்லைட்டை எதிர்வீட்டு ஜன்னலில் அடிக்க வேண்டியிராது. முற்றத்தில் பேச்சு கூடினால் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் அங்கிருக்கும் விளக்கை மங்க வையுங்கள். யாரும் சொல்லாமலே குரல் இறங்கும்.

பிறகு மூடும் வேலை. பவர் ஆம்ப்பை முதலில் அணைத்துவிட்டுத்தான் மிக்சர். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடிக்கும். ஹாலோஜன் இருந்தால் ஆறும்வரை ஏணி போடக் கூடாது. டிம்மர் எம்.சி.பி.யைக் கீழே இறக்கி அணையுங்கள். பாயைத் தூக்கிப் பார்த்து மொபைல், கொலுசு, மூக்குக்கண்ணாடி ஏதாவது கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியேறும் வழி விளக்கு பேட்டரியில் எரிகிறதா என்று மெயினை ஒரு முறை இறக்கிப் பார்த்துவிட்டு, வாசலில் நசுங்கிக் கிடக்கும் காகிதக் கப்புகளைப் பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் பொறுக்கி எடுத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்துங்கள்.