ஒன்பது வளைவுப் பாலமும் எங்கள் சனங்களும்

அம்பத்தூரில் எங்கள் தெருவிலிருந்து இலங்கைக்குச் சுற்றுலா போய் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் என்னிடம் காட்டுகிறார்கள். எல்லவுக்கும் தெமோதரவுக்கும் நடுவில் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் ஒன்பது வளைவுப் பாலம், அதன்மேல் நீல ரயில். 1921-இல் திறந்த பாலம் அது. உயரம் சுமார் 24 மீட்டர், நீளம் 91. இரும்பு உத்தரம் இல்லாமல் கல்லும் சீமெந்துமாகவே எழுப்பியிருக்கிறார்கள். முதல் உலகப் போருக்கு இரும்பெல்லாம் போய்விட்டதால்தான் அப்படி என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்தப் படத்தில் சுற்றிலும் தெரியும் பச்சை, தேயிலை. அதைப் பறித்தவர்கள் எங்கள் சனங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அந்தக் கணக்கில் எழுபதுகளில் நாங்களும் புறப்பட்டோம். தெமோதரவில் கோச்சி, அதாவது ரயில், ஏறினால் சற்று நேரத்தில் அந்தப் பாலம் வந்துவிடும். பெட்டி முழுக்க ஒப்பாரி. பாட்டி மட்டும் எழுந்து நின்று, தேயிலைக்கு நடுவே எங்கள் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின், தகரக் கூரை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். அப்புறம் தலைமன்னார், ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். கடைசியில் சென்னை.

அப்பாவுக்கு இது தாத்தா சொல்லிக் கேட்ட நாடு. எனக்கோ முழுக்கப் புதுசு. மலையில் பீலியில், அதாவது ஊற்றுக் குழாயில், ராப்பகலாகத் தண்ணீர் கொட்டும். இங்கே விடியுமுன்னே அடிபம்பில் குடங்களை வரிசையில் வைக்க வேண்டும். சுமந்து வந்த கம்பளிகளுக்கு வேலையே இல்லாமல் போக, அம்மா அவற்றை மடித்துத் தரையில் விரித்தாள். அங்கே எங்களைத் திருட்டுத்தனமாகத் தோணியில் வந்தவர்கள் என்ற அர்த்தத்தில் கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரர் என்றார்கள். இரண்டுமே வலித்தது. சிலோன் என்றாலே யாழ்ப்பாணம் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் தேயிலை மலைநாடான மலையகத்தைப் பற்றி இன்றும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை.

அதனால் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படம் எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். தண்டவாளத்தை ஒட்டியே தெமோதர ஸ்டேஷன் வரை போங்கள். அங்கே ரயில் பாதை மலையைச் சுற்றி வளைந்து வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழையும். வழியில் கொழுந்து எடுக்கும் அம்மாக்களைப் பார்த்தால் தமிழிலேயே பேசுங்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குச் சொந்தக்காரர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். எந்த ஊரில் என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள்.